நாடி பிடித்த கை

போன வருடம் வைகாசியில், ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. மணப்பெண் என் பெரியப்பா மகள்.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நிர்வாக மேலாளர். அதற்கென்றே இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவள். எந்த வார்டில் படுக்கை காலி, ஸ்கேன் மெஷின் ஓடுகிறதா, ஷிப்டுக்கு நர்ஸ்கள் போதுமா, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் என் பொறுப்பு. உறவுக்காரர்களிடம் இதைச் சொன்னால் பிடிபடாது. ஆஸ்பத்திரியில் வேலை என்றால் டாக்டர்தானே என்பார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். அப்படியென்றால் கம்பவுண்டர் மாதிரியா என்று ஒருவர் கேட்டபிறகு விட்டுவிட்டேன். டாக்டர் என்று யாராவது கூப்பிட்டால் சும்மா சிரித்து வைப்பேன். போகப் போக அது எனக்குப் பிடித்தும்விட்டது.

முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மணப்பெண்ணின் தாய்மாமா திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரி வைத்துத் தொழில் செய்பவர். விடிந்ததிலிருந்து மண்டபம் முழுக்க அவர் குரல்தான். சாப்பிட உட்கார்ந்தவர் இட்லியைப் பிட்டார், வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. ஏதோ சொல்ல வந்தார், பேச்சு குழறியது. அப்படியே பக்கத்து நாற்காலிக்காரர் மேல் சாய்ந்துவிட்டார்.

மாமாவின் தம்பி காரை எடுக்க ஓடினார். அதற்குள் யாரோ, டாக்டர் புள்ளை இங்கேயே இருக்கும்போது என்ன அவசரம் என்று அவரை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் விலகி எனக்கு வழிவிட்டது. மாமாவின் மனைவி, எனக்கு அத்தை முறை, என் முழங்கையைப் பற்றிக்கொண்டார்.

"என்னன்னு பாரு சாமி. நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்."

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாடியை எங்கே தொடுவது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. என் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான் காதில் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நடித்தேனோ, மாமாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணுவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வாய் கோணினால், பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள் என்று எங்கள் மருத்துவமனை வாசலில் போர்டு வைக்க ஏற்பாடு செய்ததே நான்தான்.

"அத்தை, நான் டாக்டர் இல்லீங்க" என்றேன். "பக்கவாதம் மாதிரி தெரியுதுங்க. உடனே வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

மாமாவின் தம்பி திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்பறம் எதுக்குக் கண்ணு கையப் புடிச்ச?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் மாமாவின் கையை விட்டுவிட்டு எழுந்தேன்.

பக்கத்திலிருந்த கிளினிக்குக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அங்கே ஸ்கேன் கிடையாது, நேராகச் சேலத்தில் எங்கள் மருத்துவமனைக்கே போய்விடலாம் என்று சொல்லி நானும் காரில் ஏறினேன். வழியெல்லாம் போனில் பேசிக்கொண்டே போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவில் படுக்கை, ஸ்கேன், நரம்பியல் டாக்டர் எல்லாம் தயாராக இருந்தன. வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. உள்ளே போனதும் சிகிச்சை தொடங்கிவிட்டது. என் வேலை அதுதான், அதை நான் ஒழுங்காகவே செய்தேன்.

மாமா பிழைத்துக்கொண்டார். பேச்சு திரும்பிவிட்டது. வலது கைக்குத்தான் இன்னும் சரியாகப் பிடிமானம் வரவில்லை. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் கையும் தேறியிருக்குமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். தேறியிருக்காது என்றும் அவர் சொல்லவில்லை.

அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புள்ளை போன் போட்டு எல்லாம் தயார் பண்ணி வைத்ததால்தான் உயிர் தப்பியது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடத் தோன்றும். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டே, ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன வேலை, விவரமாகச் சொல்லு கண்ணு என்றார். முதல்முறையாக ஒருவர் பொறுமையாகக் கேட்டார், நானும் முழுசாகச் சொன்னேன். ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்ற உதவிய அந்த வேலையைச் சொல்லிக்கொள்ளவா இத்தனை நாள் கூச்சப்பட்டேன் என்று நினைத்தால், இன்றும் என் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.