கிதிர் முகம்மது சாரின் பக்தாது

கையால் வரைந்த தேசப்படத்தை நான்காக மடித்துத் திரைக்கு அடியில் தள்ளிவிட்டு, கிதிர் முகம்மது சார் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வளையல்கள் குலுங்குகின்றன. படம் யார் கைக்குப் போயிருக்கிறது என்பதை அந்தச் சத்தத்தைக் கொண்டே சொல்லிவிடுவார். “அலிமா, தலைகீழாப் பிடிச்சிருக்கே, திருப்பு” என்கிறார். உள்ளே சிரிப்பு. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “அவ எப்பவும் தலைகீழாத்தான் பிடிப்பா” என்றார்.

தென்காசியில் அவர் வீட்டு நடுக்கூடத்தில் சனி, ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு இந்த வகுப்பு. பெரியவளானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பெண்கள் எட்டுப் பேர் திரைக்கு உள்ளே, சார் வெளியே. நாலு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தும் அவர்களில் ஒருத்தி முகம்கூட அவருக்குத் தெரியாது. முகம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவருடைய மகள் ஜாஹிரா பீவி. அவள் இப்போது வகுப்பில் இல்லை.

நானும் அவரும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவர் சரித்திரம், நான் கணக்கு. பெண்ணுக்குச் சரித்திரம் சொல்லித் தருகிறேன் என்றால் அந்தத் தெருவில் யாரும் அனுப்பமாட்டார்கள். “இஸ்லாமிய நாகரிகம்” என்றார் சார். மறுத்துப் பேச யாருக்கும் வாயில்லை. அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு அவர் உள்ளே கடத்துகிற சரக்குக்குக் கணக்கே இல்லை. கலீபாக்களின் வைத்தியசாலை என்று ஆரம்பித்து ரத்த ஓட்டம் சொல்வார். பக்தாதின் அறிஞர்கள் என்று ஆரம்பித்து அல்ஜிப்ராவைத் தள்ளிவிடுவார். அதில் மாட்டிக்கொண்டால் திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து நிற்பார். “அண்ணாச்சி, இந்த எக்ஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆவுதே, ஏன்னு ஒரு பிள்ள கேக்குது.” என் வகுப்புப் பையன்கள் ஒருத்தனும் ஏன் என்று கேட்டதில்லை.

எந்த ஊரையும் தென்காசிக்குக் கொண்டுவந்துவிடுவார். “நம்ம ரதவீதி நாலையும் பிடிச்சு வட்டமா வளைச்சுக்கோங்க. நாலு வாசல். நடுவுல அரண்மனை. அதான் பக்தாது.” நட்சத்திரம் பார்க்கிற கருவியைப் பழைய கலியாணப் பத்திரிகை அட்டையில் வெட்டித் திரைக்கு அடியில் அனுப்புவார். அது ஒவ்வொரு தடவையும் மஞ்சள் கறையோடு திரும்பி வரும். சாரல் காலத்தில் என்னோடு குற்றாலம் வருவார், குளிக்க மாட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று, “ஸ்பெயின் தேசத்துக் கொர்தோவாக்காரன் இந்தத் தண்ணிய இப்படிச் சும்மா விழ விட்டிருக்க மாட்டான் அண்ணாச்சி. அங்கன ஒரு சக்கரம், இங்கன ஒரு வாய்க்கா” என்று ஆரம்பிப்பார். தலையில் எண்ணெய் வழிய நிற்கிறவனிடம் கொர்தோவாவின் நீர்ப்பாசனம் பேசினால் எரிச்சல் வருமா, வராதா?

முகம் தெரியாதவர்களுக்குப் பாடம் நடத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. புரிந்ததா என்று பார்க்க முடியாது. புரியவில்லை என்று சொல்ல அந்தப் பெண்களுக்குக் கூச்சம். அதனால் முதல் மாதமே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். விளங்கினால் “விளங்குச்சு” என்று சொல்ல வேண்டும். விளங்காவிட்டால் பேசாமல் இருந்தால் போதும். ஒரு குரல் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். “ஒருத்திக்கு ஏறல. இருக்கட்டும், இன்னொருக்கச் சொல்லுதேன்.” அந்த ஒருத்தி யார் என்று கேட்கவே மாட்டார்.

ஜாஹிராவைத் தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுத வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவளுக்கு அதைவிடப் பெரிய ஆசை. ஒருத்தி எழுதிவிட்டால் மற்ற எட்டுப் பேரின் தகப்பன்மாரிடமும் தைரியமாகப் பேசலாம் என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். விண்ணப்பம் போய்விட்டது. அவளுக்கு நான் அனுப்பிய கணக்குகள் எல்லாம் சரியாகவே போட்டுத் திரும்பி வந்தன.

அந்த நாட்களில் ஒரு பாடம். மொராக்கோவில் பாத்திமா என்ற பெண் தனக்கு வந்த சொத்தைக் கொண்டு பள்ளிவாசல் எழுப்பினாள், அது பெரிய கல்விச்சாலையாக வளர்ந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளேயிருந்து ஜாஹிரா கேட்டாள்: “அவ வாப்பா ஒண்ணும் சொல்லலையா?”

“வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணுன பொறவுதாம்மா கட்டுனா.”

இதை மறுநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். வகுப்பில் யாராவது சிரித்தார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை என்றார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தொடக்கத்தில் அவருடைய அண்ணன் ஒலி முகம்மது ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தவர் அவர். மாப்பிள்ளை வீட்டுக்குப் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை. சில வாரத்தில் வருகிற ரஜபு மாதத்திலேயே நிக்காஹ், பெண் உடனே புளியங்குடிக்கு வந்துவிட வேண்டும். அவர் பேசும்போது நான் காப்பித் தம்ளரோடு அங்கேதான் இருந்தேன்.

“மார்ச்சுல பரீட்ச இருக்குண்ணே. ரெண்டு மாசந்தான். முடியட்டுமே.”

“பரீட்ச வருஷா வருஷம் வரும்லே. இப்படி மாப்பிள்ள வருவானா?”

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். “சரிண்ணே” என்றார். எந்தக் கலீபாவையும் விட்டுவைக்காமல் குறை சொல்கிற மனுஷர் இவர். அந்நியன் நான் எப்படிச் சொல்வது என்று காப்பியைக் குடித்தேன்.

நிக்காஹ் அன்று பந்தலில் கறி சாப்பிடாத எனக்குத் தனியாக லட்டும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். மணப்பெண்ணின் சம்மதத்தைத் தகப்பன் இரண்டு சாட்சிகளோடு உள்ளே போய்க் கேட்டு வரவேண்டும். கன்னிப்பெண் வெட்கப்படுவாள் என்பதால் அவள் பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று கொள்வது வழக்கம். சார் உள்ளே போனார். வர நேரமாயிற்று. பிறகு வந்து, “சம்மதம்” என்றார். வகுப்பில் பேசுகிற அதே தெளிவான குரல்.

உள்ளே நடந்ததைப் பத்து நாள் கழித்துத்தான் சொன்னார். அவள் உட்கார்ந்திருந்தது அதே திரைக்குப் பின்னால்.

“மாப்பிள்ள பேரைச் சொல்லி, சம்மதமா தாயின்னு கேட்டேன் அண்ணாச்சி. சத்தமில்ல. மறுபடி கேட்டேன். சத்தமில்ல. பிள்ள வெக்கப்படுதா, வாங்கன்னு சாட்சிக்காரர் கையப் பிடிக்காரு. பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு அவளுக்கு நாலு வருஷமா நாந்தானே சொல்லிக்கொடுத்தேன். எனக்கு விளங்காமலா இருக்கும்? விளங்கித்தான் வெளிய வந்து அப்படிச் சொன்னேன்.”

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் அவரைப் போல நல்ல ஆசிரியரை நான் பார்த்ததும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சுமக்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அவர் எப்படிச் சுமக்கிறாரோ தெரியாது.

ஹால் டிக்கெட் பிப்ரவரிக் கடைசியில் வந்தது. அதைப் புளியங்குடிக்கு அனுப்பினார். பதில் இல்லை. மார்ச்சில் சரித்திரப் பரீட்சை நடந்த நாளில், அந்தத் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு அவரையும் என்னையும் போட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் ஜாஹிராவின் எண் சாக்கட்டியால் எழுதியிருந்தது. தலைமை ஆசிரியர் தயங்கி, “வேற ரூம் போட்டுத் தரட்டுமா?” என்றார்.

“இருக்கட்டும் சார். நானே பாத்துக்கிடுதேன்.”

மணி அடித்தது. வினாத்தாளை ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தார். தாமதமாக வருகிறவர்களை அரை மணி நேரம் வரைக்கும் உள்ளே விடலாம். வாசலைப் பார்க்கும்படி நின்றுகொண்டு, தன் மகளின் எண்ணை ஒரு தடவை கூப்பிட்டார். பையன்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அரை மணியும் அவர் வாசலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மிச்சமிருந்த வினாத்தாளை என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கடைசி பெஞ்சுக்கு நடந்துபோய் அதை அந்தக் காலி இடத்தில் விரித்து வைத்தார். செங்கோட்டைப் பக்கத்துக் காற்று ஜன்னல் வழியாக வந்து தாளைத் தூக்கியது. சட்டைப்பையிலிருந்து தன் மைப்பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டு, எழுத வருகிறவள் கைக்கு வாகாக அதன்மேல் வைத்தார்.