வேப்பிலை கட்டிய கதவு

என் கணவரின் தமையனார் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

ரியூஷன் வகுப்புகளில் வருஷக்கணக்காகப் படிப்பித்த என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. சிறுநீரகம் பலவீனமென்பதால் வழக்கமான கீமோவை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். புற்றுநோய்க் கலங்களைக் குறிவைக்கும் புது மருந்தைக் கிழமைக்கொருமுறை ஏற்றினார்கள். கூடவே தினமும் கதிர்வீச்சு. முகத்தின் அளவுக்கே செய்த வலைமூடியை மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டிவிடுவார்கள்.

கொஞ்ச நாளில் முகமும் நெஞ்சும் சிவந்த பருக்களால் நிறைந்தன. மருந்தினால் வருவதுதான், யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் விளங்கப்படுத்தினார்.

தமையனார் வாசலில் நின்றே பார்த்தார். கொப்புளிப்பான், அம்மைநோய்தான் என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அது போதுமாயிருந்தது.

"இது அம்மாள், பிள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகாதையும்."

"இல்லை அண்ணை, மருந்தாலதானாம். டாக்டர் சொன்னவர்."

"அவருக்கு என்ன தெரியும்?"

அடுத்த நாள் ஆஸ்பத்திரியால் திரும்பியபோது எங்கள் கதவில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. மாடிக்கு மாடி ஏறி அவரே செய்தியும் சொல்லியிருந்தார். எங்களைத் தினமும் காரில் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரர், குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கதவைப் பாதி திறந்து சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

மறுநாள் ஆட்டோவில் போனோம். சோதனைச் சாவடியில் சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தான், இவரின் முகத்தைப் பார்த்தான். இரண்டும் ஒத்துவரவில்லை. இறங்கச் சொன்னான். கேள்வி கேட்டான். இவருக்குக் குரல் எழும்பவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "பிளிகா" என்றேன், புற்றுநோய் என்று. அவன் நம்பவில்லை. இவர் கழுத்தில் சுற்றியிருந்த சால்வையை எடுக்கச் சொன்னான். கதிர்வீச்சில் கருகித் தோலுரிந்த கழுத்தைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு, போகும்படி கையைக் காட்டினான். அவனுக்காவது பார்த்ததும் விளங்கியது.

வீடு திரும்பியதும் வேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினேன்.

"நான் நல்லதுக்குத்தானே செய்தனான்," என்றார், பேப்பரைத் தாழ்த்தாமலே.

"உங்கட நல்லதை உங்கட கதவில கட்டுங்கோ, அண்ணை."

கொத்தை அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கினேன். நடந்ததைச் சொன்னபோது என் கணவர் சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்து இரத்தம் வந்தது. அப்படியும் சிரித்தார்.

சிகிச்சை முடிந்தது. கட்டி கரைந்தது. குரல் பாதிதான் திரும்பியது. அந்தப் பாதிக் குரலோடு வீட்டு மேசையில் நாலைந்து பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். தமையனார் மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து போனில் எல்லாருக்கும் வைத்தியம் சொல்கிறாராம். அவர் அழைத்தால் போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் குசினிக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.