கண்ணாடியில் வைத்த பொட்டு

இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு எங்கள் வீட்டில் துவக்கு, துப்பாக்கி என்ற சொற்களை யாரும் எடுப்பதில்லை. என் மனைவியின் தம்பி அந்த வருடம் வன்னிச் சண்டையில் போய்விட்டான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

என் மகள் சுவிஸில் கூர் நகரத்தில் பிறந்து, கூரில் படித்து, அங்கேயே ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள். கூட வேலை செய்யும் ஒரு பெண் அவளைக் குறி பார்த்துச் சுடும் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த நாட்டில் அது பந்தடிக்கப் போவதுபோல. பாட்டிமாரும் போவார்கள். எனக்கோ ஒவ்வொரு ஞாயிறும் தேவாரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வரி மறந்துபோகும். துவக்கு சங்கத்திலேயே பூட்டிக் கிடக்க வேண்டும், வீட்டுக்கு வரக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அவள் அதை மீறியதில்லை.

துவக்கின் மேலே பூட்டுகிற குழாயை ஸ்கோப் என்பார்கள். தூரத்தில் இருக்கும் குறி அட்டையைக் கிட்டத்தில் காட்டும். மகளிடம் முதலில் இருந்தது கடையில் வாங்கியது. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்து வருவது. குறை சொல்ல முடியாத சாமான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் இவள் இடக்கண்ணால் குறி பார்க்கிறவள், கண்ணாடியும் போடுகிறவள். திருகு எல்லாம் வலக்கண்காரருக்கு வசதியாக இருந்தது. தூரம் கூடினால் அந்தத் திருகைத் திருப்ப வேண்டுமாம், பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமாம். இவளுடையது திரும்பி வரும்போது மயிரிழை தள்ளி நிற்கும். அவ்வளவு தூரத்தில் மயிரிழை ஒரு முழமாகிவிடும் என்று மகள் சோற்றுக் கோப்பையையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்து எனக்கு விளங்கப்படுத்தினாள்.

மலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மா தனியே இருந்து ஆளுக்கேற்றபடி ஸ்கோப் செய்து கொடுக்கிறார். என் வயது இருக்கும். மகளை ஒரு வாங்குப் பலகையில் படுக்க வைத்து, கண்ணுக்கும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று தையற்காரி அளவெடுப்பதுபோல அளந்தாராம். பனிக்காலத்தில் சொல்லி வைத்தது, அடுத்த புரட்டாசியில்தான் கைக்கு வந்தது. அது வந்த கிழமை எங்களுக்கு ஆயுத பூசை. அடுத்த ஞாயிறு மகளுக்குத் தெரிவுப் போட்டி. அதில் முதல் இரண்டு பேருக்குள் வந்தால் மாநில அணியில் இடம்.

ஆயுத பூசைக்கு நாங்கள் தொழில் செய்யும் சாமான் எல்லாவற்றையும் கும்பத்துக்கு முன்னால் வைப்போம். நான் ஹோட்டல் குசினியில் வேலை, என் கத்தி. மனைவி பள்ளிக்கூடம் துப்புரவு செய்கிறவள், வகுப்பறைகளைத் திறக்கும் அவளுடைய திறப்புக் கோர்வை. மகள் காதில் மாட்டி நெஞ்சுத் துடிப்புக் கேட்கும் குழாய். காரின் திறப்பு. புது ஸ்கோப்பையும் வைக்கட்டோ என்று மனைவி கேட்டபோது மகள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

“வையுங்கோ அம்மா. ஆனா பெட்டியோட. திறக்காதேங்கோ.”

அவள் போனதும் மனைவி பெட்டியைத் திறந்தாள்.

“பிள்ளை திறக்க வேண்டாமெண்டெல்லோ சொன்னவள்?” என்றேன்.

“சாமிக்கு மூடின பெட்டியைக் காட்டுறதோ? நீங்கள் சும்மா இருங்கோ.”

துவக்கோடு சேர்ந்த சாமானில் அவள் விரும்பிக் கை வைத்தது அன்றுதான். தம்பியை நினைத்திருப்பாள், பிள்ளைக்குக் காவலாக இருக்கட்டும் என்றும் நினைத்திருப்பாள். நான் கற்பூரம் ஏற்றப் போனேன். கற்பூரத் தட்டோடு நான் திரும்பி நின்ற நேரத்தில், முன்பக்கக் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம் வைத்து அதற்கு மேல் குங்குமமும் வைத்துவிட்டாள். புதுக் காருக்கு வைத்தவள், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு வைத்தவள், இதற்கு மட்டும் வைக்காமல் விடுவாளா?

பின்னேரம் மகள் வந்து சாமி அறையை எட்டிப் பார்த்தாள். கத்துவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கத்தவில்லை. சப்பாத்துக் கழற்றும் இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டாள்.

“அம்மா, அது கண்ணாடி.”

“கண்ணாடியெண்டு தெரியும் பிள்ளை. கார்க் கண்ணாடிக்கும் வைச்சனாங்கள்தானே.”

“அதுக்கு மேலை கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒண்டு கிடக்கு. அதுதான் வெளிச்சத்தை விடுறது. கடைச் சாமானெண்டா நாளைக்கே வேறை எடுத்துப் பூட்டலாம். இது உலகத்திலை ஒண்டுதான் அம்மா. ரெண்டாவது இல்லை.”

மனைவியின் முகம் வெளிறிப்போனது. நான் வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன், மெல்லத் துடைத்துவிடலாம் என்று. மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

“கை வைக்காதேங்கோ! நாளைக்கு விடியப் பூசை முடிஞ்சுதான் எடுக்கலாம்.”

“இவ்வளவு நடந்த பிறகும் பூசையோ?” என்று மகள் கேட்டாள். ஆனால் அவளும் தொடவில்லை. கும்பத்துக்கு முன்னால் வைத்ததை இடையில் எடுக்கும் துணிவு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அன்றிரவு நான் புரண்டு புரண்டு படுத்தேன். பிள்ளையின் வருடக் கணக்கான உழைப்பு ஒரு விரல் நுனிச் சந்தனத்தில் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அவள் இனி தாயோடு பழையபடி கதைப்பாளோ என்ற பயம் மறுபக்கம்.

விஜயதசமிப் பூசை முடிந்ததும் நானும் மகளும் சிவப்பு ரயிலில் அந்தக் கிராமத்துக்குப் போனோம். மனைவி வரவில்லை. பெட்டி என் மடியில் இருந்தது. ரயில் வளைவில் ஆடும்போதெல்லாம் நான் குழந்தையைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்தேன்.

அந்த அம்மா பெட்டியைத் திறந்து பொட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“யாராவது துடைத்தீர்களா?”

“இல்லை, தொடவே இல்லை” என்றாள் மகள்.

“நல்லது. உலர்ந்த தூளைத் துணியால் தேய்த்திருந்தால் அது மணல் கடதாசிபோலக் கீறியிருக்கும்.”

முதலில் காற்றுப் பந்தால் ஊதினார். பிறகு பூனை மயிர்போல மெல்லிய தூரிகை. பிறகு பஞ்சில் ஏதோ ஒரு நீர், ஒரு சொட்டு. வேலை செய்துகொண்டே என்னோடு மெதுவாக ஜெர்மன் கதைத்தார், எனக்கு விளங்க வேண்டுமென்று. தொழிற்சாலைச் சாமான் மோசமில்லை, மெஷினுக்குக் கை நடுங்காது, தனக்கு நடுங்கும் நாள் உண்டு என்றார். ஆனால் மெஷினுக்கு உங்கள் மகளைத் தெரியாது, எல்லாருக்கும் பொதுவாகச் செய்யும் என்றார். எனக்கு அந்தக் கதை ஆறுதலாக இருக்கவில்லை. பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தனம் போனது. குங்குமமும் போனது. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் மெல்லிய வளையம் ஒன்று மட்டும் நின்றது.

“இது போகாது. கண்ணாடி மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் மற்றக் கண்ணாடிகளுக்குச் சோடி பார்த்துப் பொருத்தியது, முழுவதையும் கழற்றினால் வசந்த காலமாகிவிடும். ஆனால் முன் கண்ணாடியில் இருப்பது படத்தில் தெரியாது. பாருங்கள்.”

அதை ஒரு தாங்கியில் பூட்டி யன்னலுக்கு வெளியே திருப்பினார். மகள் பார்த்தாள். தெரியவில்லை என்றாள். பிறகு அந்த அம்மா என்னையும் கூப்பிட்டார். நீங்களும் பார்த்தால் வீட்டில் சொல்லலாமே என்றார்.

நான் கண்ணை வைத்தேன். பள்ளத்தாக்குக்கு அங்கால் ஒரு வீடு, பல்கனியில் ஒரு பெண் நிலவிரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கிடந்த சங்கிலிகூடத் தெரிந்தது. அவளுடைய நெஞ்சில் குறி பார்க்கும் சிலுவைக் கோடு நின்றது. அவளுக்கு அது தெரியாது. நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

“தெரியேல்லை” என்றேன். 

கடைச் சாமான் ஒன்றை ஞாயிறுக்கு இரவல் தரலாம், கீறல் ஒன்றும் இல்லாதது என்று அந்த அம்மா சொன்னார். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். தன்னுடையதையே பூட்டுவதாகச் சொன்னாள்.

ஞாயிறு அவள் மூன்றாவதாக வந்தாள். கடைசிக் குண்டு தள்ளிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே நின்று கேட்டாள். “என்னாலையோ பிள்ளை?”

“இல்லையம்மா. காத்து. பள்ளத்தாக்கிலை திடீரெண்டு திரும்பினது. நான்தான் பாக்கேல்லை.”

“எனக்காகச் சொல்லாதை.”

“கடவுளே, காத்தம்மா! நீங்கள் பொட்டு வைச்சதுக்குக் காத்து ஏன் திரும்புது?” மகள் சிரித்துக்கொண்டு குளிக்கப் போனாள். தாய் நம்பவில்லை. சாப்பிடவும் இல்லை. குசினியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கள் பாத்தனீங்கள்தானே. மறு ஒண்டும் தெரியேல்லையெண்டு சாமிக்கு முன்னாலை நிண்டு சொல்லுங்கோ.”

நான் சாமி அறை வாசல்வரை போனேன். முருகனுக்கு முன்னால் நின்றபோது வாய் வரவில்லை. நான் எங்கே பார்த்தேன்? ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துப் பயந்து ஓடி வந்தவன். மறு இருந்ததோ இல்லையோ, என் கண் அதைத் தேடவே இல்லை. பொய்ச் சத்தியம் செய்ய என்னால் முடியாது.

“இன்னொருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்” என்றேன். அவள் அழத் தொடங்கினாள். எனக்குத் தெரிந்துதான் மறைக்கிறேன் என்று நினைத்தாள்.

மகள் ஈரத் தலையோடு வந்தாள். தாயின் கண்ணைப் பார்த்துவிட்டு ஸ்கோப் பெட்டியை எடுத்தாள், நாங்கள் கதைத்தது கேட்டிருக்க வேண்டும். போட்டி முடிந்ததும் திருகைச் சோதித்துப் பார்க்க அதைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். பல்கனிக்குப் போகப் பார்த்தாள்.

“ஐயோ, அங்கை வேண்டாம்! கீழ்வீட்டு மனிசி பொலிசுக்குப் போன் அடிக்கும்” என்றாள் மனைவி, அழுகைக்கு நடுவிலும்.

குசினி யன்னலால் மலை மட்டும்தான் தெரியும். அரிசி வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் மடித்த துவாயை வைத்து, துவாயின் மேல் குழாயை வைத்தாள் மகள். நான் முழந்தாளிட்டுக் கண்ணை வைத்தேன். முதலில் எல்லாம் ஆடியது. பிறகு அடங்கியது. பனித் தடுப்பு வேலிகள் தெரிந்தன. ஒரு கற்குவியல். அதன் ஓரத்தில் மஞ்சளாகிப்போன புல். மனிதர் ஒருவரும் இல்லை. நடுவிலிருந்து தொடங்கி ஓரம்வரை, வட்டம் வட்டமாகத் தேடினேன். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

“இப்ப?” என்றாள் மனைவி.

“பொறும்.”

“ஏதும் தெரியுதோ?”

“புல்லுத் தெரியுது. கல்லுத் தெரியுது. உம்முடைய பொட்டு இல்லை.”

“சத்தியமாவோ?”

எழும்ப மகள் கை தந்தாள். சாமி அறைக்குள் போய், விளக்குக்கு முன்னால் நின்று, மறு ஒன்றும் இல்லை என்று கேட்கும்படியாகச் சொன்னேன். மனைவி வாசலில் நின்று கேட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சோறு போட்டாயிற்றோ என்று என்னிடம் கேட்டாள்.