மூடியின் மேல் ஆறு விதைகள்

முதலில் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். அதன்பிறகுதான் மெஷினின் மூடியைத் திறக்கிறார். ஒரே ஒரு பக்கம் நகலெடுக்க வந்தவருக்கும் இதே நடைமுறைதான். தாளைக் கவிழ்த்து, மூடியைச் சாத்தி, டப்பாவை மறுபடி மூடியின் வெதுவெதுப்பான மூலையில் வைத்த பிறகே பொத்தானில் விரல் போகும். அவசரக்காரர்கள் முணுமுணுத்தால், "பிள்ளை தூங்குது, மெதுவாப் பேசுங்க" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தெருவுக்கே அவர் ஜெராக்ஸ் அக்கா. அறுபதைத் தொட்டவர். காதோரம் ஒரு பேனா, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. டப்பாவுக்குள் ஈரத்துணி, துணியின் மடிப்புக்குள் மிளகாய் விதைகள். காலையில் ஆறு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். கூடினால் அழுகும், குறைந்தால் காயும். "வேர் வர்ற வரைக்கும் வெளிச்சம் எதுக்கு? சூடு இருந்தா போதும்."

அது அம்மாவின் வாக்கு. அம்மாவுக்கு வாய்த்தது ரேடியோ. வால்வு வைத்த பழைய மரப்பெட்டி; பாட்டு ஓட ஓட அதன் தலை சுட ஆரம்பிக்கும். விதைத்துணி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஷாக் அடித்து எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சேரப்போகிறோம் என்று அப்பா தினமும் சத்தம் போடுவார். முளை விடும்வரை, செய்தி முடிந்தாலும் ரேடியோவை அணைக்க அம்மா விடமாட்டாள். புரியாத மொழியில் யாரோ பேசிக்கொண்டே இருக்க, அக்காவும் தம்பியும் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். பிறகு அந்தச் செடி பின்படிக்கட்டில், பெயிண்ட் டின்னில் வளரும். குட்டையான, மூக்கு வளைந்த மிளகாய். காம்பைக் கிள்ளினால் வீடு முழுக்க வாசம். அக்கா எந்தக் கடையில் மிளகாய் வாங்கினாலும் ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பார். இதுவரை அந்த வாசம் எதிலும் வந்ததில்லை.

அம்மா போன பிறகு, விதைக்கென்று காயவைத்த ஒரே ஒரு பழம் சமையலறை ஜன்னலில் மிஞ்சியிருந்தது. அக்கா வீட்டில் இல்லாத ஒரு சாயங்காலம், பசியோடு வந்த தம்பி அதை நறுக்கி எண்ணெயில் போட்டு, முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டார். பலகையில் ஒட்டிக்கொண்டு தப்பியவை ஆறு விதைகள். அவற்றைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, அடிவாங்க வந்தவர் மாதிரி கடை வாசலில் நின்றார். ஐம்பத்தைந்து வயது, பஸ் ஓட்டுகிறவர்.

அன்றிலிருந்து டியூட்டி முடிந்ததும் வந்துவிடுவார். "முளைச்சுதாக்கா?"

"நீ தின்னது முளைச்சிருக்கும். வாயைத் திறந்து காட்டு."

ஒன்பதாம் நாள் இரண்டு விதைகளில் பூஞ்சை பிடித்தது. பதினாறாம் நாளுக்குள் ஐந்து போய்விட்டன. ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் எடுத்துப் போட்டபோது அக்கா தம்பியைத் திட்டவில்லை. அதுதான் தம்பிக்குத் தாங்கவில்லை, கேட்பதை நிறுத்திவிட்டார். வருவார், ஸ்டூலில் உட்கார்ந்து தாள்கட்டுகளை ஓரம் தட்டி அடுக்குவார், போய்விடுவார்.

ஆள் வராத நேரத்தில் மெஷின் ஆறிப்போகும். அப்போதெல்லாம் அக்கா உள்ளே எதுவும் வைக்காமல் பொத்தானை அழுத்துவார். வெள்ளைத்தாள் வெள்ளையாகவே வெளியே வரும். எடுத்து மறுபடி தட்டிலேயே வைப்பார்.

பத்தொன்பதாம் நாள் மதியம் துணியை விரித்தபோது, கடைசி விதையின் விளிம்பில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. இதுவும் போச்சு என்று ஊசியை எடுத்தவர், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பூஞ்சையின் பஞ்சு இல்லை அது. வெட்டிய நகத்துணுக்கு மாதிரி வளைந்து, கீழே போக வழி தேடிக்கொண்டிருந்தது.

துணியை மடித்து, டப்பாவை மூடியின் மேல் வைத்து, சூட்டுக்காக அக்கா வெறுமனே பொத்தானை அழுத்தியபோது தம்பி வந்து உட்கார்ந்தார். அவரிடம் வாய் திறப்பதற்குள் தடித்த புத்தகத்தோடு ஒருவர் நுழைந்து, எண்பது பக்கம் வேண்டும், நின்று வாங்கிக்கொள்கிறேன் என்றார். எண்பது தடவை மூடி திறக்க வேண்டும். அக்கா உள்ளங்கையை டப்பாவின் மேல் வைத்தார்.

"மெஷின் ரிப்பேருங்க. எதிர்க்கடையில பாருங்க."

"ஓடுற சத்தம் கேக்குதே?"

சரியாக அப்போது ஒரு தாள் வெளியே வந்து விழுந்தது. அக்கா அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"பாத்தீங்கல்ல? வெறும் தாளாத்தான் வருது."

புத்தகக்காரர் போய்விட்டார். தம்பி ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றார். அக்கா அவரைப் பார்க்காமலேயே கழுத்துக் கயிற்றைக் கழற்றி, பூதக்கண்ணாடியைப் புடவையில் துடைத்து, அவர் பக்கம் நீட்டினார்.