கண்ணாடிக் கடைக்கு ஓடும் எழுத்து

கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்போன் அலறியது. ரத்தினம். ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது திருவொற்றியூரில், எண்ணூர் போகிற ரோட்டின் மேல், சின்னதாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான்.

"மாமு, நீ எயுதுறவன்தானே?"

"ஆமாம்..."

"அப்ப கெளம்பி வா. ஒரு போர்டு வாங்கணும். எயுத்து ஓடுமே, லைட்டு போட்டுகினு... அந்த போர்டு."

எழுதுகிறவனுக்கும் எழுத்து ஓடுவதற்கும் என்ன சம்பந்தம்? கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

போனேன். கடையைக் காணவில்லை! துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டோரம் ரயில் பெட்டி மாதிரி கோத்து நின்றன. இரண்டு முறை கடையைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை, இரண்டு லாரிகளுக்கு நடுவில் இருந்த சந்திலிருந்து ஒரு கை ஆடியது. ரத்தினத்தின் மனைவி கோமளா.

"பாத்தீங்களாண்ணே? தெரிஞ்ச நீங்களே தாண்டிப் போறீங்க. தெரியாதவன் எப்படி வருவான்?"

விஷயம் இதுதான். நாலு ஸ்டாப் தள்ளி ஒரு பெரிய கண்ணாடி ஷோரூம் வந்துவிட்டது. ஏசி, வழுக்கும் தரை, வாசலில் சல்யூட் அடிக்க ஒருவர். இங்கே ரத்தினத்தின் தகர போர்டு லாரிகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. தீபாவளி வரை பார்ப்பது, இல்லையென்றால் கடையைக் காலி செய்வது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அந்த ஷோரூம்காரர்களே ரத்தினத்தை வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்களாம்.

"இத்தினி வருசம் மொதலாளியா குந்திகினு இருந்துட்டு, கய்த்துல டை மாட்டிகினு அங்க போயி நிக்கணுமா மாமு?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

லாரி உயரத்துக்கு மேலே, மாடிச் சுவரில், சிவப்பு எழுத்து ஓடினால்? எதிர்ச்சாரியில் நிற்பவனுக்கும் தெரியும். பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். நல்ல யோசனைதான். சீட்டு எடுத்த பணம் இருந்தது. ஒரு போர்டுக்குத்தான் வரும். தப்பானதை வாங்கிவிட்டால் மறுபடி வாங்க வழியில்லை.

முதல் கடை மவுன்ட் ரோடு பக்கம். கழுத்துப் பட்டை கசங்காத ஒரு இளைஞர் கேள்விகளாகவே பேசினார்.

"சிங்கிள் கலரா, ட்ரை கலரா சார்? பிட்ச் எவ்வளவு வேணும்? அவுட்டோரா, செமி அவுட்டோரா?"

ரத்தினம் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவுட்டோர் என்றால் வெளியே. இன்டோர் என்றால் உள்ளே. செமி அவுட்டோர் என்றால்... வாசற்படியிலா?

"மேல ஒரு ஷேடு இருந்தா செமி அவுட்டோர் போதும் சார். விலை கம்மி. ஆனா கடல் காத்து பட்டா வாரன்டி கிடையாது."

"கடலு எங்க கடைக்கு எதுத்தாப்ல கீது தம்பி" என்றான் ரத்தினம்.

இரண்டாவது கடையில் போர்டே வேண்டாம் என்றார்கள். டிவி மாதிரி ஒன்றை மாட்டி, பின்னால் ஒரு கம்ப்யூட்டர் வைத்தால் படமே ஓடுமாம். விலையைக் கேட்டதும் ரத்தினம் மரியாதையாகத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துகொண்டான்.

மூன்றாவது, வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்கு மேலே ஒரு மாடி அறை. அங்கே ஒருவர் தானே பல்புகளைக் கோத்து போர்டு செய்கிறார். வெயில் மழைக்குப் பெட்டியை ரப்பர் வைத்து அடைத்துத் தருவதாகச் சொன்னார். விலையும் கைக்கு எட்டியது. ஆனால் சாம்பிள் ஓட்டிக் காட்டியபோது, 'கண் கண்ணாடி' என்பது 'கண கணணாடி' என்று ஓடியது. புள்ளிகள் பெட்டிக்கு மேலே எங்கோ போய்விட்டன.

"தமிழ்னா கஷ்டம் சார். இங்கிலீஷ்ல போட்டுக்கலாமே" என்றார்.

கூட வந்திருந்த கோமளா போர்டை நெருங்கிப் பார்த்தார்.

"எங்க கடைக்கு வர்றவங்க மீன் விக்கிறவங்க, லோடு ஏத்துறவங்க. இங்கிலீஷ்ல ஓடுனா யாருக்குங்க ஓடுது?"

மனிதர் தலையைச் சொறிந்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் படமாக, புள்ளி புள்ளியாக வரைந்தார். அரை நாள் ஆயிற்று. 'கண் பரிசோதனை இலவசம்' என்று முழுசாக ஓடியபோது நான் கை தட்டிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மாட்டியாயிற்று. ரத்தினம் ஒரு ஸ்டூலைப் போட்டு வெளியே உட்கார்ந்து, போர்டைப் பார்ப்பவர்களைப் பார்த்தான். நிறையப் பேர் அண்ணாந்தார்கள். படித்தார்கள். போனார்கள். ஒரு வாரம் இதேதான்!

எட்டாம் நாள் லாரிச் சந்து வழியாக ஒரு அம்மா வந்தார். பூங்காவனம் என்று பெயர். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். மீன் விற்றுவிட்டு வந்த காலி அன்னக்கூடையை வாசலில் இறக்கினார்.

"நைனா, மேல செவப்பா இன்னாவோ ஓடிகினு கீதே... இன்னா அது?"

"எயுத்தும்மா. கண்ணு டெஸ்ட்டு ஃப்ரீன்னு ஓடுது."

"எயுத்தா! எனுக்கு நெருப்புக் கோடு மாரி தெரியுது. நான் அஞ்சாவது வரிக்கும் படிச்சவ நைனா."

உட்கார வைத்துப் பார்த்தான். வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருந்தது. இடது கண்ணிலும் ஆரம்பம். மீன் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்வதைக் கத்தியின் குற்றம் என்று இவ்வளவு நாள் நினைத்திருக்கிறார். இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, "நல்லதா ஒரு கண்ணாடி குடு" என்றார்.

போர்டைப் பார்த்து வந்த முதல் ஆள். முதல் வியாபாரம். ஒரு கண்ணாடியை மாட்டி அனுப்பியிருக்கலாம். தயங்கியது நிஜம் என்று ரத்தினமே என்னிடம் ஒப்புக்கொண்டான். ஆனால் சொல்லிவிட்டான்.

"கண்ணாடி போட்டா தெரியாதும்மா. ஆபரேசன் பண்ணணும்."

அந்த அம்மா சுருக்குப் பையை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். "கண்ண நோண்டிடுவாங்களா?" கோமளா பக்கத்தில் உட்கார்ந்து, மறுநாளே தானும் கூட வருவதாகச் சொல்லி, சொன்னபடியே பஸ் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஆபரேஷன் நடந்தது. பார்வை வந்தது. அதற்கப்புறம் பூங்காவனத்தின் குப்பத்திலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. தீபாவளியும் தாண்டிவிட்டது. கடை இருக்கிறது. ரத்தினம் டை கட்டவில்லை.

போர்டால் வந்த வியாபாரம் என்கிறான் ரத்தினம். பஸ் ஏறிப் போனதால் வந்தது என்கிறார் கோமளா. எனக்கு இரண்டும் சரியாகப் படுகிறது... இரண்டும் தப்பாகவும் படுகிறது.

இது போதாதென்று நேற்று மறுபடி போன்.

"மாமு, பேஜாரா கீது. எயுத்து மெதுவா ஓடுனா படிச்சிட்டுப் போய்க்கினே இருக்கான். ஸ்பீடா ஓடுனா எவனுக்கும் படிக்க முடியல. கண்ணு கெட்டுப்போச்சின்னு பயந்துகினு உள்ள வரான்! எத்த வைக்கட்டும்? நீதான் எயுதுறவன், சொல்லு."

வேகமாக ஓட்டினால் ஏமாற்று. மெதுவாக ஓட்டினால் நஷ்டம். ஆனால் அந்த வேகத்தால் பயந்து வருகிறவர்களில் இன்னொரு பூங்காவனம் இருந்தால்? இலவசமாகத்தானே பார்க்கிறான்? யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"அண்ணே, கோமளா. நீங்க ஒண்ணியும் ரோசிக்காதீங்க. மெதுவாவே ஓடட்டும். நல்ல கண்ணு கீறவன் படிச்சிட்டுப் போவட்டும். தெரியாதவங்க எப்டியும் இன்னான்னு கேக்க வருவாங்க."

போர்டின் வேகத்தை மாற்றுகிற ரிமோட் இப்போது கோமளாவிடம் இருக்கிறதாம்.