எல்லோருக்கும் அர்ஜென்ட்

"நேரமே இல்லை" என்று யாராவது என்னிடம் அலுத்துக்கொண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்த வியாதி எங்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது கதவைத் திறந்துவிட்டவர்களில் நானும் ஒருத்தி. அறுபதுகளில், திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் வயரைச் செருகியும் பிடுங்கியும் சம்பளம் வாங்கினவள் நான்.

அப்போது வெளியூருக்குப் பேசுவதென்றால் டிரங்க் கால் பதிய வேண்டும். நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், லைன் கிடைக்கும்போது நாங்கள் கூப்பிட்டு இணைத்துக் கொடுப்போம். ஆர்டினரி கால் என்றால் பதிந்த வரிசைப்படி வரும். அர்ஜென்ட் கால் என்றால் கட்டணம் இரண்டு பங்கு, ஆனால் வரிசையைத் தாண்டி முன்னால் போகலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அர்ஜென்ட் கால் வருவதே அபூர்வம். வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். மற்றதெல்லாம் ஆர்டினரிதான். காலையில் பதிந்துவிட்டுக் குளிக்கப் போவார்கள், சாப்பிடுவார்கள், ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, "என்னம்மா, லைன் கெடைச்சுதா?" என்று சாவகாசமாகக் கேட்பார்கள். இல்லைங்க என்றால், "சரி, கெடைக்கும்போது குடு" என்பார்கள். யாரும் யார்மேலும் எரிந்து விழுந்ததில்லை.

அதைக் கெடுத்தவர் வேறு யாருமில்லை, என் அண்ணன்தான். அவர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஒரு நாள் மெட்ராஸ் விலையைத் தெரிந்துகொள்ள அண்ணன் அர்ஜென்ட் போட்டார். பக்கத்து மண்டிக்காரர் ஆர்டினரி பதிந்துவிட்டுத் தூங்கி எழுவதற்குள் இவர் சரக்கை வாங்கி முடித்துவிட்டார். மறுநாள் பக்கத்து மண்டிக்காரரும் அர்ஜென்ட். அவரைப் பார்த்து அரிசி மண்டி, அரிசி மண்டியைப் பார்த்து லாட்ஜுக்காரர். அறுவடை முடிவதற்குள் ஊரே அர்ஜென்ட்டுக்கு மாறிவிட்டது. எல்லோரும் முன்னால் வந்து நின்றால் முன்னால் என்று ஓர் இடம் ஏது? அர்ஜென்ட் காலுக்கும் பழைய ஆர்டினரிக்கு ஆன நேரமே ஆயிற்று.

ஒன்று மட்டும் மாறியது. முன்பு அந்த நேரத்தில் மனுஷன் தூங்கினார். இப்போது டெலிபோனுக்குப் பக்கத்திலேயே நின்றார். பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டார், போன நேரத்தில் கால் வந்துவிட்டால்? கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார். காசும் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி. கடிகாரத்திலிருந்து யாரும் எதையும் திருடிக்கொண்டு போய்விடவில்லை. தூங்கின நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் எடுத்துக் காத்திருக்கும் நேரமாக மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு நேரமில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்க்கும்போதும் எனக்கு அந்த மண்டிக்காரர்கள் முகம்தான் தெரிகிறது. காதில் வைத்திருக்கும் போன் மட்டும் வேறு.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் என் அண்ணன். சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் சமையல்காரன் வந்துவிட்டானா என்று கேட்பதற்குக்கூட அர்ஜென்ட்தான். "நீ அங்க இருந்தும் எனக்கு லேட்டாகுதே, எதுக்கு உனக்கு அந்த வேல?" என்று போனிலேயே கத்துவார்.

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று வேலூரில் சொன்னது அப்போதுதான். நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, தாங்குவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தள்ளிப்போடவும் முடியாது என்றார் டாக்டர். அவர் கொடுத்த தேதி கார்த்திகை தீபத்தன்று வந்தது. அப்பா முரண்டு பிடித்தார். பிறந்ததிலிருந்து ஒரு தீபத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா" என்று அண்ணன் சொல்ல, அடுத்த வருஷம் என்ற வார்த்தையைக் கேட்டு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் வேலூருக்குப் பஸ் ஏறினார்கள். எனக்கு மட்டும் போக வழியில்லை. தீபத்தன்று எக்ஸ்சேஞ்சில் எவருக்கும் லீவு கிடையாது.

"முடிஞ்ச ஒடனே கூப்பிடறேன்" என்றார் அண்ணன், பஸ் படியில் நின்றபடி.

தீபத்தன்று நாங்கள் வயர் செருகும் போர்டு எப்படி இருக்கும் என்று சொல்லி மாளாது. ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம். லாட்ஜுகள், சத்திரங்கள், போலீஸ், கடைக்காரர்கள், எல்லோருக்கும் வெளியூர் லைன் வேண்டும், எல்லோருக்கும் அர்ஜென்ட். என் கை பாட்டுக்கு வயரைச் செருகியது. காது மட்டும் வேலூர் லைனிலேயே இருந்தது. காலையில் ஆபரேஷன். மதியம் ஆகியும் அண்ணன் கால் வரவில்லை. சமையல்காரனுக்கே அர்ஜென்ட் போடுகிறவர், இதற்கு எவ்வளவு துடித்திருப்பார்! இன்னும் கூப்பிடவில்லை என்றால், கூப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? வாய் "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் நான் அப்பாவைக் கிட்டத்தட்டத் தூக்கிக் கொடுத்தே விட்டேன்.

வேலூர் போர்டில் உட்கார்ந்திருந்த பெண்ணை நான் பார்த்ததே இல்லை. குரலோடு குரல் சிநேகிதம். நான் கேட்கும் போதெல்லாம் "இன்னும் இல்லக்கா" என்றவள், பிற்பகலில் தானாகவே லைனில் வந்தாள்.

"அக்கா, உங்க அண்ணன் பதிஞ்சிருக்காரு."

"அர்ஜென்ட் தானே? சீக்கிரம் குடும்மா."

"இல்லக்கா. ஆர்டினரி."

"சரியா பாரு. எங்கண்ணன் ஆர்டினரி போட மாட்டாரு."

"நானும் ரெண்டு வாட்டி கேட்டுட்டேன்க்கா. ஆர்டினரியே போதும், சாயந்தரம் கெடைச்சாலும் பரவால்லன்னாரு."

அவ்வளவுதான். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் வாயால் ஒரு வார்த்தை கேட்கவில்லை, டாக்டர் சொன்னது தெரியாது, இருந்தாலும் தெரிந்துவிட்டது. எழவுச் செய்தியை யாராவது ஆர்டினரியில் போடுவார்களா, அதுவும் என் அண்ணன்? காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. பசி எடுத்தது. நான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"முன்னாடி தள்ளி விடட்டாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"வேணாம்மா. வரிசையில வரட்டும்."

அதற்குப் பிறகு நான் வேலை செய்ததுதான் வேலை. லாட்ஜுக்காரர் "என்னம்மா தூங்கறீங்களா எல்லாரும்?" என்று கத்தினார். "பாத்துத் தரேங்க, நீங்க ஒரு காப்பி சாப்பிட்டு வாங்க" என்றேன். அவர் திட்டாமல் போனை வைத்தார்.

பொழுது சாய்ந்தது. கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் வெளியே வரும் நேரம். மலை உச்சியில் தீபம் ஏற்றும் அந்த நேரத்தில் ஊரில் எவரும் கூரைக்குக் கீழே நிற்கமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே கடலே எழுந்து நின்றதுபோல் "அண்ணாமலைக்கு அரோகரா" என்று சத்தம் கிளம்பியது. லாட்ஜுக்காரர் பதிந்திருந்த மெட்ராஸ் கால் கிடைத்தது. மணி அடித்தேன், எடுக்க ஆளில்லை. அரிசி மண்டிக்கு அடித்தேன், ஆளில்லை. நாள் முழுதும் என்னைப் பிடுங்கித் தின்ற அத்தனை அர்ஜென்ட்டும் தெருவில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க ஊர்ல போனே எடுக்க மாட்டேங்கறாங்களே. லைன் சும்மா கெடக்குது. உங்க அண்ணனத் தரேன், பேசுங்க" என்றாள் வேலூர்ப் பெண்.

அண்ணன் குரல் வந்தது. இரைச்சலே இல்லாத குரல்.

"அப்பா நல்லா இருக்காரும்மா. கண்ணு முழிச்சுப் பேசிட்டாரு. பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"ஏண்ணா ஆர்டினரி போட்ட?"

"நான் அர்ஜென்ட்தான் போடக் கௌம்பினேன். அப்பா வுடல. முழிச்ச ஒடனே, தீபம் ஏத்தியாச்சான்னாரு. இன்னும் இல்லப்பான்னேன். அப்ப எதுக்குடா இந்நேரமே பேசற, ஏத்தினப்புறம் கெடைக்கிற மாதிரி போடு, கேட்டுட்டு வந்து சொல்லுன்னாரு. ஏத்திட்டாங்களா?"

வயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவுக்கு எழுந்து, பேசும் குழாயை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். ஊர் முழுக்க அரோகரா போட்டது. அடுத்த வாரமே அண்ணன் பழையபடி அர்ஜென்ட்டுக்குத் திரும்பிவிட்டார், அது வேறு சங்கதி. ஆனால் அன்றைக்கு அவர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போய் அப்பாகிட்ட சொல்றேன்" என்றார் கடைசியில். சொன்னாரே தவிர போனை வைக்கவில்லை. நானும் வயரைப் பிடுங்கவில்லை. கட்டண நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டிய வேலூர்ப் பெண்ணும் வாயே திறக்கவில்லை.

தெருவில் சத்தம் அடங்கி, ஜனங்கள் கடைக்குத் திரும்பினார்கள் போலிருக்கிறது. போர்டில் ஒரு மணி அடித்தது, இன்னொன்று அடித்தது. எல்லாம் அர்ஜென்ட்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் முதலில் அழுது முடித்தேன்.