பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாத கார்

பழைய கார் வச்சிருக்கறதும் ஒரு உத்தியோகம்தான். என்ன, இதுல சம்பளத்தையும் நாமே குடுக்கணும், திட்டையும் நாமே வாங்கிக்கணும். பொழப்புக்கு டவுன்ல ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தறேன். ஆனா ஆறு வருஷமா என் முழுநேர வேலை எங்க வீட்டு வாசல்ல கவர் போட்டு நிக்குற அந்தச் சிவப்புக் கார்தான். உங்க வீட்லயும் அப்படி ஒண்ணு நிக்குதா? வாங்க, பக்கத்துல உக்காருங்க, நாமெல்லாம் ஒரே ஆஸ்பத்திரி வார்டுதான்.

இந்த வருஷம் அதுக்குப் பதினஞ்சு வயசு முடிஞ்சுது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டிப் பாஸ் ஆனா இன்னும் அஞ்சு வருஷம் ரோட்டுல ஓடலாம். இல்லேன்னா உடைக்கப் போட வேண்டியதுதான். எங்க வீட்டுக்காரர் இரும்புக்கடைக்காரர் நம்பரை முன்கூட்டியே போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தாரு. நல்ல மனுஷன், எதையும் கடைசி நேரத்துக்கு விடமாட்டாரு.

ஞாயித்துக்கிழமை வண்டி

கல்யாணமான புதுசுல ஷோரூம் கண்ணாடியில மூஞ்சியை ஒட்டிவச்சு நான் பார்த்த கார் இது. பிரெஞ்சுக் கம்பெனி, பேரைச் சொல்லமாட்டேன்; அவங்களே அந்த மாடலை மறந்து ரொம்ப நாளாச்சு. பல வருஷம் கழிச்சு அதே கார், அதே சிவப்பு, விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டு ஓடுனேன். வித்தவரு ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவங்களை எங்க பாண்டிச்சேரியில அப்படித்தான் சொல்லுவோம். பிள்ளைங்களோட பாரிஸ்ல இருந்துட்டு வருஷத்துக்கு ரெண்டு மாசம் இங்க வருவாரு. வந்தா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும் காரை எடுப்பாரு. ஒன்பது வருஷத்துல எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்!

எங்க ஊர்ல 'சொல்தா வீட்டு வண்டி'ன்னா அதுக்கு மேல சர்டிஃபிகேட் கிடையாது. நான் இன்ஜினைப் பார்க்கல, டயரைப் பார்க்கல, மீட்டரை மட்டும் பார்த்தேன். இந்த நம்பர் பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாதுன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன். சாவியைக் குடுக்கும்போது முசியே, அதான் அந்த சொல்தா, ஒண்ணு சொன்னாரு. பெரியவரு தன்னடக்கமா பேசறாருன்னு நினைச்சுச் சிரிச்சுட்டு வந்துட்டேன். அவரு சொன்னது இதுதான்: "மதாம், நான் இதை ரொம்ப ஓட்டல. இதுல இருக்கற ஒரே கோளாறு அதான்."

லாரி ஏறிப் போகும் கார்

என் மெக்கானிக் தனசேகர். எல்லாருக்கும் தனா. அவன் ஷெட் அரியாங்குப்பத்துல, எங்க வீடு உழவர்கரையில. போக வர இருபது கிலோமீட்டர் ஆகும். மாசம் ஒரு தடவை ஏதாவது ஒண்ணு படுத்துக்கும். பேட்டரி, பெட்ரோல் பம்ப்பு, ஏசி, திரும்பவும் பேட்டரி. இப்படிப் போய்வந்தே மீட்டர் ஏறிடுச்சுன்னா?

அப்பத்தான் எனக்கு அந்த மகா ஐடியா வந்துச்சு. காரைத் தூக்கிப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போற லாரி இருக்குல்ல, அதைக் கூப்பிட்டேன். அது மேல ஏத்திட்டுப் போனா மீட்டர் ஏறாது பாருங்க! ஸ்டார்ட் ஆகாதப்ப கூப்பிட்டா நியாயம். நான் நல்லா ஓடற காரையும் ஏத்தி அனுப்புவேன். சும்மா ஆயில் மாத்தறதுக்குக்கூட ஊர்வலம்தான். அரியாங்குப்பம் பாலத்துல போறவங்க எல்லாம் உச்சுக்கொட்டிட்டுப் போவாங்க, நான் பின்னாடியே ஸ்கூட்டர்ல கம்பீரமா போவேன். ஒருநாள் லாரி டிரைவர் காரைப் பெல்ட்டால கட்டிக்கிட்டே சொன்னான்: "அக்கா, இந்தக் கார் ரோட்டுல ஓடுனதை விட என் வண்டி மேல ஓடுனதுதான் ஜாஸ்தி."

பெட்டியில் வந்த பம்ப்பு

ஒரு தடவை காரோட தண்ணி பம்ப்பு போச்சு. சென்னையில இல்ல, கோயமுத்தூர்ல இல்ல. டெல்லியில ஒருத்தர் இருக்குன்னு சொல்லி வேற எதையோ அனுப்பிவச்சாரு, அது இன்னிக்கும் எங்க வீட்ல கதவுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கு. கடைசியில தனா எங்க ஊரு வைத்தியத்தையே சொன்னான்: "பாரிஸ்லேர்ந்து யாராவது வராங்களான்னு பாருக்கா." பாண்டிச்சேரியில அதுக்கா பஞ்சம்? என் கடையில வருஷா வருஷம் கண்ணாடி மாத்தற ஜோசஃபின் அக்கா அடுத்த வாரம் வராங்கன்னு தெரிஞ்சுது. எல்லாரும் அவங்ககிட்ட சென்ட்டு கேப்பாங்க, சீஸ் கேப்பாங்க. நான் தண்ணி பம்ப்பு கேட்டேன்.

பாவம், நாலு கிலோ இரும்பைத் துணிக்குள்ள சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. ரெண்டு ஏர்போர்ட்டுலயும் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது என்ன, எதுக்கு, யாருக்குன்னு கேட்டுக் கேட்டு உயிரை எடுத்திருக்காங்க. பேரப்பிள்ளைக்கு வாங்குன புதுச் சட்டையில கிரீஸ் வேற. எனக்கு வெக்கமா போச்சு. அவங்க கண்ணாடிக்குக் காசு வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அக்கா பம்ப்பை மேஜை மேல வச்சுட்டு மூச்சு வாங்குனாங்க: "அடுத்த வருஷம் சாக்லேட் கேளு தாயி. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

காருக்கும் பத்திரிகை

நாத்தனார் மக நிக்காஹ் காலாப்பட்டுப் பக்கம் ஒரு மண்டபத்துல. மீட்டர்ல அப்போ ஒன்பதாயிரத்து எண்ணூறு. போய்வந்தா முப்பது போயிடும். பட்டுப்புடவையோட, சீர் தட்டோட, ஆட்டோவுல போய் இறங்குனோம். தலை கலைஞ்சு, புழுதி அப்பி நான் நின்ன நிலையைப் பார்த்து நாத்தனார் வாசல்லேயே சத்தமா கேட்டா: "ஏன் அண்ணி, கார் வரலியா? அதுக்கும் சேர்த்துத்தானே பத்திரிகை வச்சேன்!"

பெண் பார்க்க வந்தவர்

செலவு தாங்காம ஒருதரம் வித்துடலாம்னுகூட நினைச்சேன். பெரிய பெரிய மோதிரம் போட்ட ஒரு புரோக்கர் வந்தாரு. பானெட்டைத் திறக்கல, சீட்டைப் பார்க்கல. நேரா மீட்டர் முன்னாடி குனிஞ்சு, அஞ்சு நிமிஷம் அப்படியே பார்த்துக்கிட்டிருந்தாரு. எனக்குப் பெருமை தாங்கல, நம்ம அருமை தெரிஞ்ச ஒரு மனுஷன் கடைசியில வந்துட்டாரேன்னு டீ போட்டுக் குடுத்தேன். டீயைக் குடிச்சுட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாரு: "காரை நீங்களே வச்சுக்குங்க மேடம். மீட்டரை மட்டும் கழட்டிக் குடுப்பீங்களா? நம்மகிட்ட ஒரு லட்சம் ஓடுன வண்டி ஒண்ணு நிக்குது."

எண்பத்தெட்டு கிலோமீட்டர்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் நாள் வந்துச்சு. கழுவித் துடைச்சு, சிவப்பு பளபளன்னு, வாடகை லாரி மேல ஏத்திக் கொண்டுபோய் இறக்குனேன். இன்ஸ்பெக்டர் ஏற இறங்கப் பார்த்தாரு. ஓட்டச் சொன்னாரு, பிரேக் போடச் சொன்னாரு. கார் நேரா நிக்காம இடது பக்கம் இழுத்துட்டுப் போய் வேலியை எட்டிப் பார்த்துச்சு. பின்னாடி ஒரே கரும்புகை. பாஸ் இல்ல. பத்து நாள் டைம் குடுத்தாரு. வீட்டுக்காரர் போனை வெளிய எடுத்தாரு, என் மூஞ்சியைப் பார்த்துட்டுத் திரும்ப உள்ள வச்சுட்டாரு.

தனா பிரேக்கைப் பிரிச்சுக் காட்டுனான். நின்னு நின்னே துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. டேங்க்குல இருந்த பெட்ரோல் போன வருஷத்துது. டயர் தேயவே இல்ல, ஆனா வெயில்ல வெடிச்சுக் கிடந்துச்சு. எல்லாத்தையும் மாத்துனான். அப்புறம் பேசுனான் பாருங்க, ஆறு வருஷத்துல அவன் இவ்வளவு கோவமா பேசி நான் பார்த்ததில்ல. புது பிரேக்கு படியணும்னா ஓடணும், இன்ஜின் கரி போகணும்னா ஓடணும், பத்து நாள்ல முந்நூறு கிலோமீட்டர்னு கணக்குச் சொன்னான். மீட்டரைப் பார்த்தேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டு. எண்பத்தெட்டுதான் பாக்கின்னேன். தனா கையில இருந்த ஸ்பேனரைக் கீழ போட்டான்: "அக்கா, இவ்ளோ நாள் நான் பார்த்த ரிப்பேர் எல்லாம் காருக்கு இல்ல, அந்த நம்பருக்கு!"

டீக்கடை

ரெண்டாவது நாளே காலாப்பட்டு தாண்டி 9999 வந்துடுச்சு. ஓரமா நிறுத்திட்டேன். சொன்னா சிரிப்பீங்க, அழுதுட்டேன். உள்ளபடியே அழுதேன். இந்த ஒரு நம்பருக்காக நிக்காஹ்வுக்கு ஆட்டோவுல போனேன், ஒரு மனுஷியை ரெண்டு ஏர்போர்ட்டுல நிக்கவச்சேன், ஆசைப்பட்டு வாங்குன காரை ஆசையா ஒரு நாளும் ஓட்டுனதில்ல. பக்கத்து சீட்டுல எங்க வீட்டுக்காரர். ஆறு வருஷத்துல அந்த சீட்டுல அவரு உக்காந்ததே அன்னிக்குத்தான் முதல் தடவை. பிஸ்மி சொல்லி கியரைப் போட்டேன். பூஜ்யமா நாலு விழுந்துச்சு. கார் என்னமோ கூடுதலா சுகமாத்தான் ஓடுச்சு. இவரு ஜன்னலை இறக்கிவிட்டுச் சொன்னாரு: "வெடிக்கலைல்ல? அப்போ அந்தக் கடையில நிறுத்து, டீ குடிப்போம்."

இரண்டாவது தடவை

பத்தாவது நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நானே ஓட்டிட்டுப் போனேன். மீட்டர்ல பத்தாயிரத்து முந்நூத்தி நாப்பது. திண்டிவனம் வரைக்கும்கூட ஒருதரம் போய்வந்திருந்தோம், வேலை ஒண்ணும் இல்ல, சும்மா. பிரேக் போட்டேன், கோடு போட்ட மாதிரி நேரா நின்னுச்சு. புகை இல்ல. இன்ஸ்பெக்டர் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாரு. வண்டியில அப்படி என்னதான் சார் கோளாறு இருந்துச்சுன்னு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம கேட்டுட்டேன். பேனாவை மூடிப் பாக்கெட்ல வச்சுக்கிட்டே சொன்னாரு: "வண்டி நல்ல வண்டிம்மா. உங்களுக்குத்தான் ரன்னிங் பத்தல."

ஆக, ஆறு வருஷமா அந்தக் காருக்கு ரிப்பேர் செலவுன்னு நான் அழுதது எல்லாம், அதை ஓட்டாம இருந்ததுக்கு எனக்கு நானே போட்டுக்கிட்ட அபராதம்தான்.